மகளுக்குப் பஞ்சாபிப் பெயர்: பினாங்குப் பெற்றோருக்கு

பினாங்கில் தமிழ்க் குடும்பமும் பஞ்சாபிக் குடும்பமும் சம்பந்தி ஆவது இன்று புதுமையல்ல. கல்யாணத்தில் தலைகாட்டாத குழப்பம், முதல் குழந்தை பிறந்ததும் எட்டிப் பார்க்கும். தமிழ்ப் பாட்டி பஞ்சாங்கத்தைப் புரட்டி நட்சத்திர எழுத்தைத் தேடுவார். பஞ்சாபிப் பாட்டியோ, "குருத்வாராவில் எழுத்து வரட்டும், அதுவரைக்கும் பேர் பேச்சே வேண்டாம்" என்பார். உற்றுப் பார்த்தால் இரண்டு பாட்டிகளும் ஒரே கட்சிதான். முதலெழுத்தை நாமாக எடுக்கக் கூடாது, நமக்கு மேலான ஓரிடத்திலிருந்து அது வர வேண்டும் என்பது இருவருக்கும் நம்பிக்கை.

இந்த அத்தியாயம் அப்படிப்பட்ட குடும்பங்களுக்கு. பஞ்சாபி உறவு எதுவும் இல்லாமல், ஜஸ்லீன், சிம்ரன், ஹர்லீன் என்ற ஓசையில் மனம் போய்ப் பெயர் தேடுகிறவர்களுக்கும் இது உதவும். ஆயிரம் பெயர் கொண்ட பட்டியல் இங்கே கிடையாது. பஞ்சாபிப் பெயர்களில் பெரும்பாலானவை இரண்டு சொல்லை ஒட்டிச் செய்தவை. முப்பது சொல்லுக்குப் பொருள் தெரிந்துவிட்டால் எந்தப் பெயரையும் நீங்களே பிரித்துப் படிக்கலாம், புதிதாகவும் கட்டலாம். பட்டியல்களில் மலிந்து கிடக்கும் தப்பான அர்த்தங்களிலிருந்து தப்பிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

எழுத்து வரும் இடம்

ஜார்ஜ்டவுனில் சீக்கியர்களின் பெரிய கோயில் ஜாலான் குருத்வாராவில் இருக்கிறது. பழைய ஆட்கள் இன்னும் பிரிக் கில்ன் ரோடு என்றே சொல்வார்கள். வட்டா குருத்வாரா சாஹிப் என்பது பெயர். வட்டா என்றால் பெரிய. விக்டோரியா மகாராணியின் வைரவிழா ஆண்டான 1897ஐ ஒட்டி எழுந்த முயற்சி, 1901இல் அடிக்கல்லாகி, 1903இல் திறப்பு விழா கண்டது. காவல் துறையிலும் படையிலும் வேலைக்கு வந்த சீக்கியர்கள் கட்டிக்கொண்ட கோயில் அது. கல்கத்தாவில் கப்பலேறி வந்தவர்கள் என்பதால் அவர்களை இந்த ஊர் ‘பெங்காலி’ என்று அழைத்துப் பழகிவிட்டது. நம் வீடுகளிலும் அந்தச் சொல் இன்னும் புழங்குகிறது. வங்காளத்துக்கும் அவர்களுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. வீட்டுக்கு மருமகளோ பேத்தியோ வந்த பிறகாவது அந்தச் சொல்லை விட்டுவிட வேண்டும்.

பெயர் வைக்கும் சடங்குக்கு ‘நாம் கரண்’ என்று பெயர். இத்தனையாவது நாள் என்ற கட்டாயம் இல்லை. தாய்க்கும் பிள்ளைக்கும் உடம்பு தேறி வெளியே போக முடிகிறபோது போகலாம். பிள்ளை பெற்ற வீட்டில் சோறு தண்ணீருக்குத் தீட்டு என்ற எண்ணத்தைச் சீக்கிய ஒழுக்க நெறியான ‘ரெஹத் மரியாதா’ ஏற்பதில்லை. அதனால் பதினாறாம் நாளா முப்பதாம் நாளா என்று தமிழ்ச் சம்பந்தி கணக்குப் பார்த்துத் தவிக்க வேண்டியதில்லை. குருத்வாராவில் மறைநூல் ஓதும் கிரந்தியிடம் முன்கூட்டியே நாள் கேட்டுவிடுங்கள். அவரைக் ‘கியானி ஜி’ என்று அழைப்பது மரியாதை. தலையை மூடத் துணி, கழற்ற எளிதான செருப்பு, கடா பிரசாதத்துக்குக் காணிக்கை, விருப்பமிருந்தால் மறைநூலான குரு கிரந்த் சாஹிப்புக்குச் சார்த்த ஒரு ருமாலாத் துணி இருந்தால் போதும்.

கீர்த்தனையும் பிரார்த்தனையும் முடிந்ததும் கிரந்தி, குரு கிரந்த் சாஹிப்பை ஏதோ ஒரு பக்கத்தில் திறப்பார். மொத்தம் 1430 பக்கம். எந்தப் பக்கம் என்று யாரும் முன்கூட்டித் தீர்மானிப்பதில்லை. இடப்பக்கத்து மேல் முனையில் உள்ள சபத் என்னும் பாடலை வாசிப்பார். அது முந்தின பக்கத்திலேயே தொடங்கியிருந்தால் ஒரு தாளைப் பின்னுக்குத் திருப்பி, தொடக்கத்திலிருந்து படிப்பார். இதற்கு ஹுக்கம்நாமா என்று பெயர். அதன் முதல் சொல்லின் முதல் எழுத்துதான் உங்கள் மகளின் முதலெழுத்து. அந்த நிமிடத்தில் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் அத்தைமார், சித்திமார் எல்லார் உதடும் அசைவதைப் பார்க்கலாம். வந்த எழுத்தை வைத்து ஆளுக்கொரு பெயரை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். குடும்பம் ஒரு பெயரைச் சொன்னதும் கிரந்தி அதோடு பெண்களுக்கான கவுர் என்ற பட்டத்தைச் சேர்த்து, கூடியிருக்கும் சங்கத்துக்கு அறிவிப்பார். கூடம் முழுக்க ஜெயகோஷம் எழும்.

அங்கேயே பெயர் சொல்லியாக வேண்டும் என்பதில்லை. எழுத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, இரண்டு நாள் யோசித்துச் சொல்லும் குடும்பங்களும் உண்டு. ஆனால் முன்கூட்டியே ஒரு பெயரை முடிவு செய்துகொண்டு போய், அந்த எழுத்து வரவில்லையே என்று முகம் வாடி நிற்காதீர்கள். கையில் நாலைந்து எழுத்துக்குப் பெயர் தயாராக இருக்கட்டும்.

இன்னொரு செய்தி. பஞ்சாபியை எழுதும் குர்முகியில் 35 எழுத்து, அதனால் அதற்குப் ‘பைந்தீ’ என்றே பெயர். முதல் மூன்றான ஊடா, ஐடா, ஈடீ மூன்றும் உயிரொலிகளைத் தாங்குபவை. ஐடா வந்தால் அம்ரித், ஆசீஸ், அன்மோல் எல்லாமே பொருந்தும். ஈடீ வந்தால் இஷ்பிரீத், இந்தர்ஜீத் என்று போகலாம். பெயர் தொடங்க முடியாத அரிய எழுத்து வந்துவிட்டால் கலங்க வேண்டாம். கியானி ஜியே வழி சொல்வார்.

பெயரைப் பிரித்துப் படிப்பது

முன்பாகமாக வரும் சொற்களை முதலில் பாருங்கள். தமிழ்க் காதுக்கு இவற்றில் பாதி ஏற்கெனவே தெரிந்தவை. குர் என்பது குரு. ஹர் என்பது இறைவன், நம் ஹரி. மன் என்பது மனம், சுக் என்பது சுகம், குல் என்பது குலம், பிரப் என்பது பிரபு, பரம் என்பது பரம், அம்ரித் என்பது அமிர்தம், ரூப் என்பது அழகு, நவ் என்பது புதுமை. ஜஸ் என்றால் புகழ். யசோதா என்ற பெயரில் இருக்கும் யசஸ்தான் பஞ்சாபில் ஜஸ் ஆகியிருக்கிறது. பல் என்பது பலம், பாலன் அல்ல. ரன் என்றால் போர்க்களம். நாம் புண்ணுக்குச் சொல்லும் ரணம் இல்லை. தல் என்பது படை. அமன் என்பது அரபியிலிருந்து வந்த சொல், அமைதி. தில் பாரசீகம், இதயம்.

பின்பாகம் இன்னும் எளிது. பிரீத் என்றால் பிரீதி, அன்பு. தீப் விளக்கு, ஜோத் சுடர், ஜீத் வெற்றி, மீத் மித்திரர், பால் காப்பவர், வந்த் உடையவர், கிரண் கதிர். லீன் என்றால் லயித்தவர், ஒன்றிக் கலந்தவர். இந்தர் என்பது இந்திரன் என்ற சொல்லிலிருந்து வந்தாலும், பெயரில் தலைவன் என்ற அளவிலேயே நிற்கும்.

இனி நீங்களே சேர்த்துப் பாருங்கள். குல்தீப் என்றால் குலவிளக்கு. நாம் பெண்ணைக் கொஞ்சச் சொல்கிற அதே சொல் பஞ்சாபில் பிறப்புப் பத்திரத்துப் பெயர். ஜஸ்லீன், இறைவன் புகழில் ஒன்றியவள். குர்மீத், குருவைத் துணையாகப் பெற்றவள். பிரப்ஜோத், இறைவனின் சுடர். மன்ஜீத், மனத்தை வென்றவள். சுக்வந்த், சுகம் நிறைந்தவள். இந்திய மகளிர் கிரிக்கெட் அணியின் தலைவி ஹர்மன்பிரீத் கவுர் பெயரில் மூன்று துண்டு இருக்கிறது: ஹர், மன், பிரீத். இறைவன்மேல் அன்பு வைத்த மனம் என்று விரிக்கலாம்.

கட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். எல்லாத் துண்டும் எல்லாத் துண்டோடும் ஒட்டாது. ஏட்டில் சரியாக இருப்பது வாயில் தடுக்கும். வீட்டில் பஞ்சாபி பேசுகிற பெரியவர் ஒருவர் கேட்டு, ‘இது பெயர் மாதிரி இருக்கிறது’ என்று சொன்னால்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அக்காவும் தங்கையும் முன்பாகத்தைப் பகிர்ந்துகொள்வது அழகுதான். ஆனால் மன்பிரீத்தும் மன்ஜோத்தும் ஒரே வீட்டில் வளர்ந்தால் இருவருமே ‘மனி’ ஆகிவிடுவார்கள். பின்பாகம் பொதுவாக இருக்கட்டும் என்பது என் யோசனை.

காலத்துக்கும் சாயல் உண்டு. மலாயாவில் பிறந்து வளர்ந்த பாட்டிமார் பெயர்களில் வந்தும் இந்தரும் அதிகம்: ஜஸ்வந்த், குல்வந்த், மொஹிந்தர், சுரிந்தர். அடுத்த தலைமுறையில் பிரீத், தீப் நிறைந்தன. இப்போது லீன், நூர், மெஹர் என்று மென்மையான ஓசை தேடுகிறார்கள். பழையது என்பதற்காக வந்தையும் இந்தரையும் தள்ளிவிடாதீர்கள். ஜஸ்வந்த் என்ற பெயரில் இருக்கும் கம்பீரம் பல புதுப் பெயர்களில் இல்லை.

ஒட்டாமல் தனித்து நிற்கும் பெயர்களும் உண்டு, அவற்றில் எனக்குப் பிடித்தவை ஏராளம். 1990களின் கடைசியில் தமிழ் சினிமா வழியாக நம் வீடுகளுக்குள் வந்த சிம்ரன், ‘ஸ்மரண்’ என்ற சொல்லின் பஞ்சாபி வடிவம். இறைவனை இடைவிடாமல் நினைப்பது. சுக்மனி, ஐந்தாம் குரு அர்ஜன் பாடிய நூலின் பெயர். சுகத்தின் மணி என்றும், மனத்துக்குச் சுகம் என்றும் இருவிதமாகவும் பொருள் சொல்வார்கள். சேஹஜ் என்றால் உள்ளுக்குள் அலையடங்கிய நிலை. நாம் ‘இதெல்லாம் சகஜம்’ என்று சொல்லித் தேய்த்துவிட்ட அதே சொல், அங்கே ஆன்மிகத்தின் உச்சிப் படியைக் குறிக்கிறது. நிம்ரத் பணிவு. கிர்பா கிருபை. பாணி, குருவின் வாக்கு. அன்மோல், விலை சொல்ல முடியாதவள். ஆசீஸ், நம் ஆசிதான். திரிப்தா, திருப்தியடைந்தவள், குரு நானக்கின் தாயார் பெயர் அது.

கீரத் என்ற பெயரில் மட்டும் நின்று நிதானிக்க வேண்டும். நெட்டெழுத்தில் கீரத் என்றால் கீர்த்தி, புகழ். குற்றெழுத்தில் கிரத் என்றால் உழைப்பு, கை வருந்திச் செய்யும் நேர்மையான தொழில். சீக்கிய வாழ்வின் தூண்களில் ஒன்று அந்த உழைப்பு. இரண்டுமே மகளுக்கு வைக்கத் தகுந்தவை. ஆனால் ரூமி எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே நிற்கும், குர்முகியில் எழுதினால்தான் வேறுபாடு தெரியும். எந்தப் பெயரை எடுத்தாலும் குர்முகியில் ஒரு முறை எழுதி வாங்குங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

நூர், மெஹர், சீரத்

இந்த மூன்றும் அரபி, பாரசீக வழிச் சொற்கள். நூர் ஒளி, மெஹர் அருள், சீரத் குணநலம். சீக்கியக் குழந்தைக்கு இவை எப்படிப் பொருந்தும் என்று சிலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டியதில்லை. குரு கிரந்த் சாஹிப்பில் சூஃபி ஞானி ஷேக் ஃபரீதின் பாடல்கள் இருக்கின்றன. நூர் என்ற சொல்லைக் கபீரின் பாடலிலேயே காணலாம்.

மலேசியாவில் யோசிக்க வேண்டியது வேறொன்று. நூர் இங்கே மலாய்ப் பெண்களுக்கு மிகப் பரவலான பெயர். பள்ளியிலும் மருத்துவமனையிலும் பெயரை மட்டும் பார்த்து மதத்தை முடிவு செய்துவிடுவார்கள். சமய வகுப்பு, உணவு என்று பல காரியங்கள் அதைத் தொட்டு நடக்கும். அதனால் நூர் வைக்கிறவர்கள் பக்கத்திலேயே கவுர் சேர்த்துப் பதிந்துவிடுங்கள். இல்லையேல் நூரைப் பின்பாகமாக்கி ஹர்நூர், குர்நூர் என்று வையுங்கள். மலாயில் எந்தச் சொல்லாக ஒலிக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்ப் பெற்றோர் ‘மதி’ என்ற பெயரை ரூமியில் எழுதும்போது ஓர் எழுத்தைக் கூட்டி எழுதுவது, இல்லாவிட்டால் அது மலாயில் சாவைக் குறிக்கும் சொல்லாகிவிடும் என்பதால்தான்.

கவுர் என்ற பட்டம்

பஞ்சாபிப் பெயர்களில் பெரும்பாலும் ஆண்பால், பெண்பால் விகுதி கிடையாது. நாம் குணவந்தன், குணவதி என்று மாற்றுவோம். அங்கே ஜஸ்வந்த் இருவருக்கும் ஜஸ்வந்த்தான். ஆணுக்குச் சிங், பெண்ணுக்குக் கவுர் என்று சேர்ந்த பிறகே பால் தெரியும். கன்வர் என்ற இளவரசுப் பட்டத்தின் வழியாக வந்த சொல் கவுர். 1699ஆம் ஆண்டு வைசாகியன்று ஆனந்த்பூரில் குரு கோவிந்த் சிங் கால்சா என்னும் சீக்கியச் சமூகத்தை அமைத்ததோடு இந்தப் பெயர்முறையைச் சீக்கிய மரபு இணைத்துச் சொல்கிறது. சாதிப் பெயரைத் துறந்து எல்லாப் பெண்ணும் ஒரே பட்டத்தைச் சூடுவது என்பது அதன் உட்பொருள்.

பஞ்சாப் பெண்ணுக்கு இந்தப் பட்டம் எவ்வளவு தேவைப்பட்டது என்பதை எண்கள் சொல்லும். 2001ஆம் ஆண்டு இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பஞ்சாபில் ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைக்கு 798 பெண் குழந்தையே இருந்தார்கள். 2011இல் அது 846 ஆனது. பெண் சிசுவைக் கொல்பவனைக் ‘குடீமார்’ என்று பெயரிட்டு, அவனோடு உறவே கூடாது என்று விலக்கி வைத்தது சீக்கிய நெறி. அப்படியிருந்தும் இந்த நிலை. உசிலம்பட்டிப் பெண் சிசுக்கொலைக் கதையும் ‘போதும்பொண்ணு’ என்ற பெயரும் உள்ள மொழியில் எழுதுகிற எனக்கு, அவர்களைக் குறை சொல்லும் தகுதி இல்லை. ஆகவே நாம் கரணை மகனுக்குச் செய்கிற அதே விமரிசையோடு மகளுக்கும் செய்யுங்கள், லங்கர் என்னும் பொதுப்பந்தியும் போடுங்கள். ஜனவரி 13இல், நம் போகியை ஒட்டி வரும் லோஹ்ரிப் பண்டிகையை முன்பு மகன் பிறந்த வீட்டில்தான் பெரிதாகக் கொண்டாடுவார்கள். இப்போது ‘தீயான் தீ லோஹ்ரி’, அதாவது மகள்களின் லோஹ்ரி என்று பெண் பிள்ளைக்கும் தீ மூட்டுகிறார்கள். அதையும் விடாதீர்கள்.

கவுரை விட்டுவிட்டுப் பெயரைச் சுருக்கிக்கொள்ளலாமா என்று கேட்கும் பெற்றோரிடம், வேண்டாம் என்றே சொல்வேன். திருமணத்துக்கு முன்னும் பின்னும் மாறாமல், தகப்பனையோ கணவனையோ சாராமல் அவளுக்கென்றே நிற்கும் பகுதி அது. கில், சித்து, சந்து போன்ற குலப்பெயர் வேண்டுமானால் கவுருக்குப் பின்னால் வரட்டும். பினாங்கில் பிறந்து ஜெலுத்தோங் தொகுதியில் 1978 முதல் 1999 வரை நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த கர்ப்பால் சிங்கின் மகள், வழக்கறிஞர் சங்கீத் கவுர் டியோவின் பெயர் இந்த வரிசையில்தான் அமைந்திருக்கிறது.

தமிழ் அப்பா, பஞ்சாபி அம்மா என்றால் கவுர் வைக்கலாமா? சீக்கிய நெறியில் வளர்க்கப் போகிறீர்கள் என்றால் தாராளமாக வையுங்கள். இரண்டு சமயமும் வீட்டில் இருக்கும், ஒன்றைத் தீர்மானிக்கவில்லை என்றால், கிரண், ஜோதி, தயா, கிருபா, அம்ரிதா, சங்கீதா போல இரண்டு பாட்டிக்கும் அந்நியமில்லாத பெயராகப் பாருங்கள். பஞ்சாபி இந்துக் குடும்பங்களில் இதுபோன்ற பெயர்கள்தான் புழக்கம்.

கதையுள்ள பெயர்

மகள் ஐந்து வயதில் ‘என் பேருக்கு என்ன அர்த்தம்?’ என்று கேட்பாள். அப்போது சொல்ல ஒரு கதை இருந்தால் பெயர் அவளுக்குச் சொந்தமாகிவிடும். நானகி, குரு நானக்கின் அக்கா. தம்பியின் பெருமையை முதலில் உணர்ந்தவர். கீவி, இரண்டாம் குரு அங்கத்தின் மனைவி. லங்கரில் நெய் மணக்கும் பாயசம் படைத்தவர் என்று குரு கிரந்த் சாஹிப்பிலேயே பெயரோடு பாடப்பட்டவர். பாக் கவுர், 1705இல் முக்த்சர் போரில் ஆண்களுக்குத் தலைமை தாங்கி வாளெடுத்தவர். பாக் என்றால் பாக்கியம். அம்ரித் என்று வைத்தால் மூன்று பேர் கதை சொல்லலாம்: சுதந்திர இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கவுர், அம்ரித் கவுராகப் பிறந்து, 1956இல் சாகித்திய அகாதெமி விருதும் பின்னர் ஞானபீடமும் பெற்ற எழுத்தாளர் அம்ரிதா பிரீதம், தென்னாட்டுக்கு வந்து, சந்தைக்குப் போகும் நம் கிராமத்து மனிதர்களை 1937இல் ஓவியமாக்கிய அம்ரிதா ஷேர்கில்.

வீட்டுச் செல்லப்பெயருக்குக் கவலை வேண்டாம். பஞ்சாபில் பொம்மைக்கு குட்டீ என்பார்கள். மகளையும் அப்படியே கொஞ்சுவார்கள். இரண்டு பாட்டிகளும் இதில் ஒன்றுபட்டுவிடுவார்கள்.

பதிவு செய்யுமுன்

தேசியப் பதிவிலாகாவில் பிறப்பைப் பதியக் கெடு உண்டு. குருத்வாரா நாளை அந்தக் கெடுவுக்குள் வருமாறு வைத்துக்கொள்ளுங்கள். கெடு எத்தனை நாள் என்பதை மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. பெயர் கிடைத்ததும் ஒரு தாளில் குர்முகியிலும் ரூமியிலும் தமிழிலும் எழுதுங்கள். ரூமி எழுத்துக்கூட்டலில்தான் தகராறு வரும். பிரீத், ஜீத், மீத், தீப் எல்லாவற்றையும் பழைய மலாயா வழக்கில் ஒற்றை ‘ஐ’ போட்டு எழுதினார்கள். இப்போது இரட்டை ‘ஈ’ போடுகிறார்கள். இரண்டில் எது என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள். அக்காவுக்கு ஒரு விதம், தங்கைக்கு ஒரு விதம் என்று ஆகிவிட வேண்டாம்.

நம் பிறப்புப் பத்திரத்தில் குடும்பப் பெயருக்கென்று தனிக் கட்டம் கிடையாது. முழுப்பெயரும் ஒரே வரியில் போகும். வெளிநாட்டு விண்ணப்பங்களில் தனிக் கட்டம் இருக்கும். கவுரை எந்தக் கட்டத்தில் போடுவது என்பதைக் கடப்பிதழ் எடுக்கும் நாளிலேயே தீர்மானித்து, பிறகு விமானச் சீட்டு, கல்லூரி, விசா எல்லாவற்றிலும் அதையே பின்பற்றுங்கள். ஒட்டுப் பெயரின் நடுவே இடம் விடக் கூடாது. ஹர்பிரீத்தை இரண்டாக உடைத்து எழுதிவிட்டால் பள்ளியில் அவள் வெறும் ‘ஹர்’ ஆகிவிடுவாள்.

பாரத்தைப் பூர்த்தி செய்து கொடுத்ததும், கையெழுத்துப் போடுமுன் ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுப் படியுங்கள். கணவர் படிக்கட்டும், பிறகு மனைவியும் படிக்கட்டும். பிழை அங்கேயே தெரிந்தால் உடனே திருத்திக் கொடுப்பார்கள். பத்திரம் அச்சாகி வந்த பிறகு என்றால் விண்ணப்பம், சான்று, அலைச்சல் என்று ஆகும். மூன்று எழுத்திலும் எழுதிய அந்தத் தாளைப் பத்திரத்தோடு ஒரே உறையில் போட்டு வையுங்கள். பள்ளியில் சேர்க்கும்போதும் மைகாட் எடுக்கும்போதும் அது தேவைப்படும்.